புதுப்பிப்பு: சட்டகத்தின் ஒரு பக்கத்துக்கு மட்டும் கோடு

போன வாரம் இதே இழையில் கேட்டது: இன்டிசைனில் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) உரைச் சட்டகத்தின், அதாவது உரை இருக்கும் பெட்டியின், இடப்பக்கம் மட்டும் கோடு போடுவது எப்படி? ஸ்ட்ரோக் (விளிம்புக் கோடு) கொடுத்தால் நான்கு பக்கமும் வந்துவிடுகிறது. தனியாக ஒரு கோடு வரைந்து சட்டகத்தோடு குரூப் செய்யச் சிலர் சொன்னீர்கள். செய்தேன். உரை கூடியதும் சட்டகத்தை இழுத்து நீட்டினேன், கோடு மட்டும் பழைய உயரத்திலேயே நின்றது. ஒவ்வொரு முறையும் அதையும் இழுக்க எனக்குப் பொறுமை இல்லை.

கடைசியில் கைகொடுத்தது பத்தி பார்டர், அதாவது சட்டகத்துக்கு இல்லாமல் பத்திக்கே கோடு போடுவது. 2018 பதிப்பில் வந்த வசதி, நான்தான் கவனிக்கவில்லை. பத்தி பார்டர் அமைப்புப் பெட்டியில் நான்கு பக்க அளவுகளையும் இணைக்கும் சங்கிலிக் குறியை முதலில் அவிழ்க்க வேண்டும். அப்புறம் இடப்பக்கத்துக்கு 2 பாயின்ட், மற்ற மூன்றுக்கும் 0. இதைப் பத்தி ஸ்டைலில் (பத்திக்கான அமைப்புகளின் தொகுப்பு) சேமித்துவிட்டால் உரை வளர வளரக் கோடும் வளர்கிறது. அடுத்தடுத்த பத்திகளில் கோடு துண்டு துண்டாகத் தெரிந்தால், ஒரே அமைப்புள்ள பார்டர்களை ஒன்றாக்கும் தேர்வை டிக் செய்யுங்கள். நான் அரை மணி நேரம் தேடியது அதைத்தான்!

ஒரு குறை: கோடு உரை முடியும் இடத்தில் நின்றுவிடும், சட்டகத்தின் அடிவரை போகாது. முழு உயரம் வேண்டுமென்றால் உரையை ஒற்றைக் கட்ட அட்டவணைக்குள் வைப்பது நல்லது. கட்டத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிக் கோடு வைக்கலாம். ஆனால் கட்டம் அடுத்த சட்டகத்துக்குப் பிரிந்து ஓடாது, நீண்ட உரைக்குச் சரிவராது.

படச் சட்டகத்துக்கு இன்னும் தனியாகக் கோடு வரைந்து குரூப் செய்வதுதான்.