புல்மோட்டை மணலில உடும்புக்கு எவ்வளவு கதிர்வீச்சு படுது, எப்படிக் கணக்குப் பாக்கிறது?

கேள்வி:
நான் திருகோணமலை. புல்மோட்டைக் கனிய மணலில மொனசைட் எண்ட கனிமம் இருக்கு, அதுக்குள்ள கதிர்வீசுற தோரியம் இருக்கெண்டு படிச்சனான், அப்ப அங்க வளை தோண்டி இருக்கிற உடும்பு, ராவணன் மீசைப் புல்லு இதுகளுக்கு எவ்வளவு டோஸ் (உடம்பு வாங்கிற கதிர்வீச்சு அளவு) எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது? உடும்பைக் கொல்லாமல் ஏலுமோ?

பதில் 1:
ஏலும் தம்பி, கொல்லவே வேணாம். முதல் மணலை காமா ஸ்பெக்ட்ரோமீட்டரில (காமாக் கதிரை அளக்கிற கருவி) வச்சு கிலோவுக்கு எத்தினை பெக்கரல் (செக்கனுக்கு எத்தினை அணு சிதையுது எண்டது) எண்டு அளக்கோணும், அதைச் செறிவு விகிதத்தால (மண்ணில இருக்கிற செறிவோட பாக்கேக்க உடம்பில எவ்வளவு எண்ட எண்) பெருக்கினா உடம்புக்குள்ள எவ்வளவு ஏறியிருக்கும் எண்டு மட்டா வரும். பிறகு உடம்பை ஒரு நீள்வட்ட உருண்டையா எடுத்து, உள்ளுக்கிருந்து வாற டோஸையும் வெளிய இருந்து வாறதையும் தனித்தனியாப் போட்டுக் கூட்டுங்கோ. விடை மணித்தியாலத்துக்கு மைக்ரோகிரேயில (உடம்பு உறிஞ்சிற கதிர்ச் சக்தியின்ர அலகு) வரும், சீவேர்ட் பாவிக்காதீங்கோ, அது மனுசருக்கு.

பதில் 2:
வளையை மறக்காதீங்கோ! மண்ணுக்குள்ள கிடக்கேக்க எல்லாப் பக்கத்தாலயும் கதிர் படும், அதால ஒரு நாளில எத்தினை மணித்தியாலம் உள்ளுக்கு, எத்தினை வெளிய எண்டு பாத்து எழுதோணும். எரிக்கா எண்ட, உயிரினங்களுக்கு டோஸ் கணக்குப் பாக்கிற மென்பொருளில ஊர்வனவுக்குத் தனிப் பிரிவு இருக்கு. அதில வாற மணித்தியாலத்துக்கு 10 மைக்ரோகிரே எல்லை இயற்கையா இருக்கிறதுக்கு மேலதிகமா வாறதுக்குத்தான், சும்மா கிடக்கிற மணலுக்கு அதை அப்படியே போட்டா பிழைக்கும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா, திருகோணமலைக் கோட்டைக்குள்ள நிக்கிற மான்களுக்கும் பாக்க ஆசையா இருக்கு.

பதில் 2:
அது லேசு, ஐசிஆர்பி (சர்வதேச கதிரியக்கப் பாதுகாப்பு ஆணைக்குழு) 2008இல வெளியிட்ட 12 மாதிரி உயிரினங்களில மானும் ஒண்டு.