நாட்டியக்காரியை எழுதிய நாவல்களில் நாட்டியம் எங்கே?

தட்டுமணை (திருவான்மியூர்):
நாட்டியக்காரியைக் கதாநாயகியாக வைத்த தமிழ் நாவல்களை இந்த மாதம் வரிசையாக எடுத்துத் திரும்பப் படித்தேன். வருத்தமாக இருக்கிறது. எல்லாவற்றிலும் அவள் பேரழகி, எல்லாவற்றிலும் அவளை ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். மின்னல், மயில், பொற்சிலை என்று அவன் கண்ணுக்குப் பட்டதுதான் நமக்கும் கிடைக்கிறது. முழங்காலை மடக்கி அரைமண்டியில் உட்கார்ந்து, நாட்டடவு என்ற அடிப்படை ஆட்டப் பயிற்சியை மூன்று வேகத்திலும் போடுகிறவளுக்குத் தொடை எரியும், குதிகால் வெடிக்கும், வாத்தியார் தாளம் தட்டுகிற தட்டுக்கழி விழுகிற சத்தம் தூக்கத்திலும் கேட்கும். இதெல்லாம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? நாட்டியம் சொல்லித்தருகிறவள் நான். என் பிள்ளைகளிடம் 'இது உன் கதை' என்று கொடுக்க எனக்கு ஒரு நாவல் கிடைக்கவில்லை.

பழையபேப்பர் (திருவல்லிக்கேணி):
மேடம், உங்க வருத்தம் புரியுது, ஆனா ஒத்துக்க முடியலை. அடவைத் தாளில் எழுதினா அது பாடக்குறிப்பு. யாருக்காக ஆடுறா, எதுக்காக ஆடுறா, அதுதான் நாவலுக்கு வேணும். 'சிவகாமியின் சபதம்' எடுத்துக்குங்க. தொடக்கத்தில் மகேந்திர பல்லவர் முன்னால் காஞ்சியில் சிவகாமியோட அரங்கேற்றம். பிறகு அதே பெண் வாதாபி நாற்சந்தியில் ஆடுறா; ஆடலைன்னா சிறைபிடிச்ச தமிழர்கள் முதுகில் சாட்டை விழும். கடைசியில் ஏகாம்பரநாதர் சந்நிதியில் 'முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள்' தேவாரத்துக்கு அபிநயம். மூணு ஆட்டத்தில் ஒரு கலைஞியோட வாழ்க்கை முழுசா வந்துடுது. எந்த அடவு போட்டான்னு கல்கி சொல்லாதது எனக்குக் குறையாவே படலை.

தட்டுமணை:
நாற்சந்தி இடத்தைப் படித்து நானும் அழுதிருக்கிறேன் சார். ஆனால் படித்து முடித்தபின் மனசில் நிற்பது சாட்டை. தெருவில் ஆடியவளின் பாதம் நிற்கவில்லை. சிவகாமியின் அப்பா ஆயனர் மகளை ஆடச்சொல்லி அவள் நிலைகளைப் பார்த்துச் சிலை வடிப்பவர். அந்த நாவலின் கண்ணே சிற்பியின் கண். அதற்கு நின்ற கோலம் போதும். ஒரு கோலத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போதுதான் நாங்கள் ஆடுகிறோம்.

சின்னமேளம் (மயிலாப்பூர்):
அடவு இருக்கா இல்லையாங்கறது அப்புறம். நான் மேளமும் நாட்டியமும் பரம்பரையா வந்த இசை வேளாளர் வீட்டுப் பிள்ளை, தாத்தா ஆட்டத்துக்கு ஜதி சொல்லித் தாளம் போட்டு நட்டுவாங்கம் பண்ணினவர். எனக்கு உறுத்துறது அம்மா பாத்திரம். 'தில்லானா மோகனாம்பாள்' வடிவாம்பாளைப் பாருங்க, மகளைப் பணக்காரன்கிட்ட சேர்த்துவிடத் துடிக்கிற தாய். 1968-ல படமா வந்து அந்த முகம் ஊர் மனசுல பதிஞ்சே போச்சு. அப்படித் தாய் இருந்ததே இல்லைனு நான் சொல்லலை. ஆனா நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி அம்மா ஆடினப்பப் பாடினது யாரு? அவங்க அம்மா ஜெயம்மாள். பாட்டி வீணை தனம்மாள். அபிநயத்துக்குப் பாடற அந்தப் பதமும் ஜாவளியும் வீட்டுப் பொம்பளைங்க தொண்டை வழியா வந்த சொத்து. மேளம் சேர்த்து, சன்மானம் பேசி, மகளுக்குப் பாட்டுச் சொல்லிக்குடுத்த தாய்க்கு நாவல்ல கிடைச்சது தரகு வேலை.

மாடவீதி (மயிலாப்பூர்):
கொத்தமங்கலம் சுப்புவுக்கு இது அநியாயம். அந்த நாவலை 'கலைமணி' என்ற பெயரில் ஐம்பதுகளில் விகடனில் எழுதினார். பெரியமேளம் என்ற நாதஸ்வரக் கூட்டத்துக்கும் சின்னமேளம் என்ற நாட்டியக் கூட்டத்துக்கும் இருந்த உரசல், யாருக்கு முதல் மரியாதை என்ற ரோஷம், ஊர் ஊராகப் போகிற கூட்டம், இதையெல்லாம் அவ்வளவு பிரியத்தோடு எழுதியவர் வேறு யார்? மோகனா யாருக்கும் விலைபோகாதவள். கதையே அதுதானே!

சின்னமேளம்:
மோகனா விலைபோகாதவன்னு காட்டணும்னா, பெத்தவ விலை பேசறவளா இருந்தாகணும். அதைத்தான் சொல்றேன்.

பெரம்பூர் வாசகர்:
இங்கே யாரும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரைச் சொல்லவில்லை. 1936-லேயே 'தாசிகள் மோசவலை' எழுதியவர். தேவதாசி முறைக்குள் வளர்ந்து, வெளியே வந்து, அதை ஒழிக்கப் பாடுபட்டவர். உள்ளிருந்து வந்த நாவல் வேண்டும் என்று கேட்பவர்கள், உள்ளிருந்தவரே அதை வலை என்று எழுதியதை ஏன் ஒதுக்குகிறீர்கள்? பெண்ணைக் கோயிலுக்கு நேர்ந்து தாலி கட்டும் பொட்டுக்கட்டை எதிர்த்துச் சட்டமன்றத்தில் போராடிய முத்துலட்சுமி ரெட்டியின் தாயாரும் அந்தச் சமூகத்தவர்தான். சிவகாமியையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். தொடர் வந்தது 1944 முதல் 1946 வரை. முடிவில் அவள் இறைவனையே கணவனாக ஏற்றுத் தாலி அணிகிறாள். 1947-ல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம். வெளியே பெண்கள் எதிலிருந்து விடுபடப் போராடினார்களோ, அதற்கே நாவல் மாலை போட்டது.

பழையபேப்பர்:
அது பொருந்தாது தோழர். சிவகாமி காதலை இழந்து, வயசும் வந்து, தானே எடுத்த முடிவு. விவரம் தெரியாத குழந்தைக்குக் கட்டின பொட்டும் இதுவும் ஒண்ணில்லை.

பெரம்பூர் வாசகர்:
அவள் முன்னால் வேறு எந்த வழியைக் கதாசிரியர் வைத்தார்? ஒரு பள்ளி நடத்தி நாலு பெண்களுக்கு நாட்டியம் சொல்லிக்கொடுத்து வாழ்ந்தாள் என்று முடித்திருக்க முடியாதா?

சலங்கைக்காரி (நங்கநல்லூர்):
எனக்குப் பல்லவரும் வேண்டாம், மிட்டாதாரும் வேண்டாம். இன்றைய சென்னை வேண்டும். அரங்கேற்றத்துக்கு மண்டபம், பக்கவாத்தியம், பட்டுத் தையல், சாப்பாடு என்று அப்பா கடன் வாங்குகிற வீடு. டிசம்பர் சீசனில் மேடை கிடைப்பது பகல் நேரத்தில். முன் வரிசையில் உறவுக்காரர்கள், கேன்டீனில் கூட்டம். மேடை தர ஒரு சபாவில் என்னிடமே 'நன்கொடை' கேட்டார்கள். முட்டிவலியை வாத்தியாரிடம் மறைத்துக்கொண்டு ஆடுகிறோம். இதை எழுத ராஜகுமாரன் எதற்கு?

பழையபேப்பர்:
இது நல்ல நாவல்தாம்மா. ஆனா கடனும் முட்டிவலியும் ஓட்டப்பந்தயக்காரிக்கும் உண்டே. ஆட்டம் வேணும்னு கேட்டீங்க. அதை எப்படி எழுதறது?

தட்டுமணை:
வர்ணம் என்ற நீண்ட நாட்டிய உருப்படியைப் போல எழுதலாம். பல்லவியின் ஒரே வரியைப் பாடகர் திரும்பத் திரும்பப் பாடுவார். ஆடுகிறவள் ஒவ்வொரு முறையும் வேறு சஞ்சாரி, அதாவது அந்த வரிக்கு வேறு அபிநய விரிவு எடுப்பாள்: ஒரு தடவை கோபம், ஒரு தடவை ஏக்கம், ஒரு தடவை தோழியிடம் சொல்லவும் முடியாத வெட்கம். நடுவில் ஜதிக்கு ஆடும் தீர்மானம் வந்து மூச்சை வாங்கும். அந்த நேரத்தில் அவள் உடம்பு நாயகியாகவும் இருக்கும், ஜதி எண்ணிக்கொண்டும் இருக்கும். இந்த இரட்டை நிலையைச் சொல்ல நாவலை விட்டால் வேறு எழுத்து ஏது?

நுணுக்கம் சொன்னால் வாசகர் ஓடிவிடுவார் என்பதையும் நான் ஏற்கமாட்டேன். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பாருங்கள். மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டு வயதில் மேடை ஏறுகிறாள். ஆடலாசான், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமைக்காரன், குழலோன், யாழோன் ஒவ்வொருவருக்கும் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று இளங்கோ எழுதுகிறார். இருபத்து நான்கு விரல் கொண்ட கோலால் அரங்கை அளக்கிறார்: அகலம் ஏழு கோல், நீளம் எட்டு, உயரம் ஒன்று. அது இன்றுவரை காவியமாகத்தானே நிற்கிறது?

பழையபேப்பர்:
இளங்கோ அரங்கை அளந்தது ஒரே காதையில் மேடம். மொத்தம் முப்பது காதை. அடுத்த பக்கமே கோவலன் வந்துடறான். அளவுகோல் மட்டும் இருந்திருந்தா நாம யாரும் படிச்சிருக்க மாட்டோம்.

சின்னமேளம்:
அந்த ஒரு காதை இல்லைனா மாதவி வெறும் ஆசைநாயகி சார். அவ தலைக்கோல் பட்டம் வாங்கின உழைப்பு தெரிஞ்சதாலதான் அவ சோகமும் நமக்குப் பெருசா தெரியுது.

எழுதறவங்களுக்கு ஒரு இடம் சொல்றேன். பரதநாட்டியத்தோட பழைய வடிவமான சதிர்ல நட்டுவனாரும் மத்தளக்காரரும் ஆடறவளுக்குப் பின்னாலேயே நின்னு வாசிச்சாங்க. 1930-கள்ல அவங்களை ஓரமா உட்கார வெச்சாச்சு. 1935-ல அடையாறு பிரம்மஞான சபையில ருக்மிணி தேவி மேடை ஏறினாங்க; அவங்களுக்குக் கத்துக்குடுத்தவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அடுத்த வருஷம் அவங்க கலாக்ஷேத்ரா கலைப் பள்ளியை ஆரம்பிச்சாங்க. அந்தப் பத்து வருஷத்துல மேடையை விட்டு வீட்டுக்குள்ள போன ஒரு அம்மா, தன் பாட்டை யாருக்குச் சொல்லிக்குடுத்தா? நாவல் அவகிட்ட ஆரம்பிக்கட்டும்.

பெரம்பூர் வாசகர்:
ஆரம்பிக்கட்டும். அவளுக்குப் பொட்டுக் கட்டிய நாளையும் சேர்த்தே எழுதவேண்டும். அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

சின்னமேளம்:
சேர்த்தே எழுதணும். கேட்காததையும், அதுக்கப்புறம் அவ கத்துக்கிட்ட ஒவ்வொரு பதத்தையும்.