காதல் நாடகத்தில் பொறாமைக்குச் சிரிப்பு வருகிறது, பிரிவுக்கு ஏன் வரவில்லை?

உப்புவெளியான் கேட்டது:
திருகோணமலையில் எங்கள் இளைஞர் வட்டம் மேடையேற்றத்துக்காக ஒரு காதல் நகைச்சுவை நாடகத்தை எழுதிக்கொண்டிருக்கிறது. நிலாவெளியிலிருந்து புறாமலைக்குச் சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றிச் செல்லும் இளைஞன் ஒருவன், நகரத்து வங்கியொன்றில் பணியாற்றும் பெண்ணைக் காதலிக்கிறான். அவளுடன் வேலை செய்யும் ஒருவன்மீது பொறாமை கொண்டு, கடைசியில் அவளையே இழக்கிறான். நண்பர்களுக்கு வாசித்துக் காட்டியபோது பொறாமைக் காட்சிகளுக்கு ஓரளவு சிரிப்பு எழுந்தது. காதல் முறிந்தபின் அவன் அழுகிறான், கூட்டாளி பகிடி விடுகிறான், ஒருவரும் சிரிக்கவில்லை. திரைப்படங்களில் இதே துன்பத்தைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிக்கிறோமே, அது எப்படி நிகழ்கிறது?

ஏட்டுச்சுவடி எழுதியது:
நகை பிறக்கும் இடங்கள் எள்ளல், இளமை, பேதைமை (அறியாமை), மடன் (வெகுளித்தனம்) என நான்கு என்கிறது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். உங்கள் கூட்டாளிப் பாத்திரம் எள்ளலை மட்டுமே நம்பி நிற்கிறது என்று தோன்றுகிறது. பொறாமையின் சிரிப்பு பேதைமையில் இருக்கிறது. திருக்குறளின் புலவி நுணுக்கம் என்னும் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கணவன் தும்முகிறான், மனைவி வழக்கம்போல் வாழ்த்துகிறாள், மறுகணமே, எவள் நினைத்ததால் தும்மினீர் என்று அழத் தொடங்குகிறாள் (1317). அடுத்த குறளில் அவன் பயந்துபோய்த் தும்மலை அடக்குகிறான். உமக்கு வேண்டியவர்கள் உம்மை நினைப்பதை எனக்கு மறைக்கப் பார்க்கிறீரோ என்று அதற்கும் அழுகிறாள். அவளுடைய துயரத்தில் பொய்யில்லை, அவள் தொடுக்கும் வாதத்திலும் அவளளவில் ஓட்டையில்லை. ஆனால் அந்தத் தும்மலுக்கு மூக்கைத் தவிர வேறு காரணமில்லை என்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. உங்கள் படகோட்டிக்கு வாட்ஸ்அப்பில் நீலமாக மாறிய இரண்டு சரி அடையாளங்களே போதும். பயணிகள் பவளப்பாறை எங்கே என்று கேட்க, அவன் கைப்பேசியை அவர்களிடமே நீட்டி, வாசித்துவிட்டும் பதில் அனுப்பாதவளைப் பற்றி அபிப்பிராயம் கேட்கட்டும்.

கடற்கரை வீதிக்காரி எழுதியது:
குறள் காட்டும் மனைவியிடம் கண்ணீரைத் தவிர வேறு அதிகாரம் இல்லை. அதனால்தான் நாம் அச்சமின்றிச் சிரிக்கிறோம். காதலியின் கைப்பேசியைப் பறித்துச் சோதிக்கும் ஆணை அதே தொனியில் எழுதினால், அவையில் இருக்கும் பெண்களுக்கு வேறு நினைவுகள்தான் வரும். 2022இல் வந்த ‘லவ் டுடே’ திரைப்படம் இந்த இடத்தைச் சாமர்த்தியமாகக் கடந்தது. திருமணத்துக்குச் சம்மதிப்பதற்கு முன் பெண்ணின் தந்தை இருவரையும் ஒரு நாளைக்குக் கைப்பேசிகளை மாற்றிக்கொள்ளச் சொல்வதால், துருவிப் பார்ப்பவனே துருவப்படுகிறான். அவனுடைய பொறாமை அவனுக்கே வினையாகிறது. (பிற்பாதியில் படம் கனத்துவிடுகிறது, அது வேறு கதை.) இன்னொன்று: தோற்ற காதலன் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு பெண்குலத்தையே ஏசிப் பாடும் காட்சி உங்களிடம் இருந்தால், அதைத் தயவுசெய்து வெட்டிவிடுங்கள்.

உப்புவெளியான் எழுதியது:
நன்றி, அக்கா. பாட்டு இல்லை, போத்தல் இருக்கிறது, எடுத்துவிடுகிறோம். ஆனால் அதை எடுத்தபின் அவன் மேடையில் என்னதான் செய்வது? அழுகையையும் சேர்த்து எடுத்துவிட வேண்டுமா?

மடலேறி எழுதியது:
தம்பி, அழுகையை எடுக்க வேண்டாம், அதை ஊர் பார்க்கும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். சங்கப் பாடல்களில் காதல் கைகூடாத ஆண் பனைமடலில் செய்த குதிரையேறித் தெருவில் வருவான், அதற்கு மடலேறுதல் என்று பெயர். காமம் முற்றினால் பனைமடலையும் குதிரையென்று ஏறுவார்கள், எருக்கம்பூவையும் தலைமாலையாகச் சூடுவார்கள், தெருவில் பிறர் ஆரவாரித்துச் சிரிக்கவும் ஆளாவார்கள் என்கிறது குறுந்தொகையின் 17ஆம் பாடல். அறைக்குள் அழுபவனைப் பார்த்து நமக்கு இரக்கம் மட்டும் வருகிறது. ஓலைக்குதிரையில் வீரன்போல் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தால் இரக்கத்தோடு சிரிப்பும் வருகிறது, ஏனென்றால் தன் கோலம் எப்படியிருக்கிறது என்பது அவனுக்கு மட்டும் தெரிவதில்லை.

உங்கள் கதையில் மடற்குதிரை ஏற்கெனவே இருக்கிறது, அந்தப் படகுதான். காதலித்த நாட்களில் அவளுடைய பெயரை அதன் இரு பக்கமும் பெரிய எழுத்தில் எழுதுவித்தான் என்று வையுங்கள். காதல் முறிவது பயணிகள் குவியும் பருவத்தில். ஒரு நாள்கூடப் படகைக் கரையில் போட்டுப் பூச்சு மாற்ற வழியில்லை. ஏறுகிற ஒவ்வொருவரும் அந்தப் பெயர் யாருடையது என்று கேட்பார்கள். ஒருவருக்கு அம்மம்மா என்பான், இன்னொருவருக்குக் குலதெய்வம் என்பான், காலையில் வந்தவர் மாலையில் தன் நண்பர்களோடு திரும்பி வந்து குலதெய்வத்தை விசாரிப்பார். பிறகு வங்கியின் சுற்றுலாக் குழு வருகிறது, அவளும் அவளுடன் வேலை செய்யும் அந்தத் தோழனும் அதில் இருக்கிறார்கள். அவன் அங்கே அழ முடியாது. உயிர்காப்பு அங்கியைக் கட்டும் முறையை எல்லோருக்கும் செய்துகாட்ட வேண்டும். தோழனுக்கு நடுக்கடலில் வாந்தி வந்தால், படகோட்டி அதில் மகிழும் கணத்தை நீட்டாதீர்கள். வாளியை அவனே பிடித்துக்கொண்டிருக்கட்டும்.