ஸ்டிர் பிளேட்டில் 34 மணி நேரமாகியும் நுரை இல்லை, ஈஸ்ட் செத்துவிட்டதா?

கேள்வி:
வணக்கம். மெல்பர்னில் இருக்கிறேன். இதுவரை உலர் ஈஸ்ட் தூவித்தான் பியர் காய்ச்சியிருக்கிறேன், திரவ ஈஸ்ட் இதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமை 20 லிட்டர் பேல் ஏல் வகை பியர் காய்ச்சப் போகிறேன், தொடக்க அடர்த்தி (நொதிக்கும் முன், தண்ணீரை 1 என்று வைத்து அளப்பது) 1.048.

அதற்குள் ஈஸ்ட்டைப் பெருக்கிக்கொள்ள, புதன் இரவு 150 கிராம் மால்ட் பவுடரை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் 15 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, ஈஸ்ட் ஊற்றி, 2 லிட்டர் குடுவையை ஸ்டிர் பிளேட் (காந்தத்தால் திரவத்தை விடாமல் சுழற்றும் தட்டு) மேல் வைத்தேன். கம்ப்யூட்டர் ஃபேனில் காந்தம் ஒட்டி நானே செய்த பிளேட். வேகத்தைக் கூட்டினால் ஸ்டிர் பார் (குடுவைக்குள் சுழலும் காந்தத் துண்டு) டக் டக்கென்று அடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கிவிடுகிறது. இப்போது வெள்ளிக் காலை. நுரையே இல்லை. ஈஸ்ட் பாக்கெட் தயாரித்து 4 மாதம் ஆகிறது. கொட்டிவிடலாமா?

பதில் 1:
கொட்டிவிடாதீர்கள்! விடாமல் சுழலும்போது வாயு அவ்வப்போது வெளியேறிவிடும், அதனால் நுரை கட்டாமலே வேலை முடிந்துவிடுவது சகஜம். நிறத்தைப் பாருங்கள். முதல் நாள் தெளிந்த டிகாக்‌ஷன் மாதிரி இருந்தது இப்போது பால் ஊற்றிய காபி போலக் கலங்கியிருந்தால் ஈஸ்ட் பெருகுகிறது என்று அர்த்தம். குடுவையின் வாயை எதால் மூடியிருக்கிறீர்கள்? ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு) மாட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். செல் சவ்வு கட்ட ஈஸ்ட்டுக்கு ஆக்ஸிஜன் வேண்டும். அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்தினால் போதும்.

பதில் 2:
எனக்கு உங்கள் சமையலறைக் குளிர் மேல்தான் சந்தேகம். ஜூலையில் ராத்திரி எத்தனை டிகிரி? 13, 14 என்றால் ஏல் ஈஸ்ட் சோம்பிக் கிடக்கும். 20 முதல் 22 டிகிரி இருக்கும் அறைக்கு மாற்றுங்கள்.

அப்புறம் பாக்கெட் கணக்கு. உங்கள் பியருக்குச் சுமார் 18,000 கோடி செல் வேண்டும். புது பாக்கெட்டில் 10,000 கோடி என்று வைத்துக்கொண்டாலும், மாதாமாதம் மிச்சமிருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு போகும் என்பது நாம் வழக்கமாகப் போடும் கணக்கு. 4 மாதத்தில் 4,000 கோடிதான் மிஞ்சும். அங்கிருந்து எழுந்து வர நேரம் ஆகத்தான் செய்யும்.

ஸ்டிர் பாருக்கு: நடுவில் சின்னக் குழி விழுந்தாலே போதும், சுழல் அடிவரை இறங்க வேண்டியதில்லை. ஃபேனில் இரண்டு காந்தங்களும் எதிரெதிர் துருவம் மேலே பார்க்க இருக்கின்றனவா? பாரின் நீளமும் காந்தங்களின் இடைவெளியும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும்.

கேட்டவர்:
அலுமினியத் தாள்தான் போர்த்தியிருக்கிறேன். சமையலறையில் 14 டிகிரி! ஹீட்டர் இருக்கும் ஹாலுக்கு மாற்றிவிட்டேன். காந்தம் இரண்டிலும் ஒரே துருவம்தான் மேலே இருந்தது. ஒன்றைத் திருப்பி ஒட்டியதும் பார் நடுவில் நிற்கிறது. நிறம் லேசாகத்தான் கலங்கியிருக்கிறது.

பதில் 1:
நாளைக் காலை கொஞ்சம் எடுத்து அடர்த்தி பாருங்கள். 1.037 பக்கத்தில் ஆரம்பித்தது 1.010 அருகே இறங்கியிருந்தால் முடிந்தது. ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி வைத்து, மேலே தெளிந்ததைக் கொட்டிவிட்டு அடியில் படிந்ததை மட்டும் ஊற்றுங்கள். மொத்தமாக ஊற்றுபவர்களும் உண்டு. ஆனால் காற்றுப் பட்ட ஒன்றரை லிட்டரை 20 லிட்டரில் கலந்தால் சுவை கெடும், எனக்கு அது பிடிக்காது.

கேட்டவர் (சனி):
1.011! தாளை விலக்கியதும் ரொட்டி மாவு வாசம், புளிப்பு வாடை துளியும் இல்லை. ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன்.

பதில் 2:
அருமை. நாளை ஊற்றும்போது குடுவையின் வெளியே ஒரு காந்தத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஸ்டிர் பாரும் ஈஸ்ட்டோடு வாளிக்குள் விழுந்துவிடும். எனக்கு இரண்டு தடவை விழுந்திருக்கிறது.

கேட்டவர் (திங்கள்):
அடியில் ஒரு விரல் கனத்துக்கு வெண்ணெய் நிறத்தில் படிந்திருந்தது. நேற்று மாலை 5 மணிக்கு ஊற்றினேன், காலை 6 மணிக்கு ஏர்லாக் குமிழி விட்டுக்கொண்டிருக்கிறது. பாரும் பத்திரம். இருவருக்கும் ரொம்ப நன்றி.