வாபஸ் ஆன வழக்கை மறுபடி எடுக்க வைக்க முடியுமா?

வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் மாமாவைக் கடைக்குள் புகுந்து அடித்தவன் மீதான வழக்கை அரசுத் தரப்பில் வாபஸ் வாங்கிவிட்டார்கள். ஒரே சாட்சியான பக்கத்துக் கடைப் பையன் ஊர் மாறிவிட்டான். டாக்டர் காயங்களை எழுதித் தந்த ஜே88 படிவமும் டாக்கெட்டில் (போலீஸ் வழக்குக் கோப்பில்) இல்லையாம். மாமா இன்றும் இடது கையால்தான் கல்லாவைத் திறக்கிறார். மனசு ஆறவே இல்லை.

1977 குற்றவியல் நடைமுறைச் சட்டம் 6ஆம் பிரிவின்படி, குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்கும் முன்பே வாபஸ் வாங்கினால் அது விடுதலை ஆகாது, மறுபடி தொடுக்கலாம். கேட்ட பிறகு நிறுத்தினால்தான் விடுதலை. எங்களுடையது முதல் வகை.

பையனைக் கண்டுபிடித்துவிட்டோம், சாட்சி சொல்லத் தயார். பீட்டர்மாரிட்ஸ்பர்க் டிபிபி (அரசு வழக்குத் தொடர்வுத் துறை இயக்குநர்) அலுவலகத்துக்கு இப்படி மனு எழுதியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? என்னென்ன இணைத்தீர்கள்? ஜே88 நகலை ஆஸ்பத்திரியில் கேட்டால் தருவார்களா, போலீஸ் வழியாகத்தான் போக வேண்டுமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.