தாத்தாவைக் காணோம், பாட்டி பேர் சொல்ல மாட்டார்: உங்களுக்கு என்ன நடந்தது?

கம்பை டீச்சர்:
எல்லாருக்கும் தெரிந்த புதிர்தான். தாத்தாவைக் காணோம் என்று பாட்டி ஸ்டேஷனுக்குப் போவார், புருஷன் பேரை வாயால் சொல்லாமல் விடுகதையாகப் போடுவார். போன வாரம் கோயில் தமிழ் வகுப்பில் இதைத்தான் வைத்தேன். “காது ஒரு டஜன், மூக்கு அரை டஜன்” என்றதும் ஆறுமுகம் என்று கத்திவிட்டார்கள். (ஒரு வாண்டு, “தடுமன் பிடிச்சா ஆறு கைக்குட்டை வேணுமே டீச்சர்” என்றது. ஐந்து நிமிஷம் பாடம் நடக்கவில்லை.)

அடுத்த படி, ரங்கூன் சுவேடகோன் பகோடாவில் தாத்தா எந்த மூலையில் இருக்கிறார்? அங்கே பிறந்த கிழமைக்கு ஒரு திசை, ஒரு பிராணி; பர்மிய வழக்கத்தில் பேரின் முதல் எழுத்தும் அந்தக் கிழமைப்படிதான். ரங்கூன் பிள்ளைகளுக்குக் கிழமையும் எழுத்தும் தண்ணீர் பட்ட பாடு. உயிரெழுத்தில் தொடங்கினால் ஞாயிறு, ஞாயிறுக்குக் கருடன், வடகிழக்கு. இதுதான் நான் எழுதி வைத்திருந்த விடை. கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து, “தாத்தா தமிழர்தானே டீச்சர்? நம்ம வீட்ல கிழமை எழுத்துப் பார்த்தா பேர் வைக்கிறாங்க? முருகன் பேருன்னா செவ்வாய்க்கிழமை பிறந்திருப்பாரு. சிங்கத்துக்கிட்ட போய்த் தேடுங்க” என்றாள். போட்ட கருடனை அழித்துவிட்டு, சாக்பீஸும் கையுமாக நின்றேன். இன்னும் விடை சொல்லவில்லை. ஞாயிறு வகுப்பு வந்துகொண்டிருக்கிறது.

மோல்மீன் மாமா:
அந்தப் பெண் சொன்னதே சரி. எனக்கு நடந்தது சின்னது. பேரனிடம் இதே புதிரைப் போட்டேன், “பாட்டி போன்ல போட்டோவைக் காட்டினாப் போதுமே” என்றான். முடிந்தது கதை.

ஆகவே டீச்சரம்மா, கேளுங்கள். கதையைக் கைபேசிக்கு முந்திய காலத்தில் வையுங்கள். புதன்கிழமைப் பக்கமே போகாதீர்கள். காலையில் பிறந்தவருக்குத் தந்தமுள்ள யானை, மதியத்துக்கு மேல் தந்தமில்லாத யானை, இரண்டும் வேறு வேறு திசை, வகுப்பு இரண்டாகும். நேரில் கூட்டிப் போவதானால் உச்சி வெயில் வேண்டவே வேண்டாம், பளிங்குத் தரையில் வெறுங்காலோடு குதிப்பார்கள். தெற்குப் படியில் ஏறி வலம் வந்தால் தென்கிழக்குச் சிங்கம் கடைசியில்தான் வரும், அதற்குள் பாதிப் பேர் தாத்தாவை மறந்து தண்ணீர் கேட்பார்கள். கிழக்குப் படியில் ஏறுங்கள், அடுத்த மூலையே சிங்கம். அப்புறம், பரிசு என்று இனிப்பு கொடுக்காதீர்கள், மறுவாரம் புதிரைக் கேட்கவே மாட்டார்கள், இனிப்பைத்தான் கேட்பார்கள்.

ரயிலடிப் பையன்:
மாமா, யாரும் யோசனை கேட்கவில்லையே! எங்கள் வீட்டில் நிஜமாகவே காணோம். அப்பா காலையில் ரங்கூனைச் சுற்றி வரும் சுற்று ரயிலில் ஏறினார், இரண்டு ஸ்டேஷன் தள்ளி வேலை. வேலைக்கு வரவில்லை என்று ஆள் வந்து சொன்னதும் அம்மா பிளாட்பாரத்துக்கு ஓடினார், நானும் கூடவே. மூன்று மணி நேரம் கழித்து வந்த வண்டியில் ஜன்னலோரம் அதே சட்டை, வாய் திறந்தபடி தூக்கம், மடியில் யாரோ வைத்த கீரைக்கட்டு. வழியில் எங்கும் இறங்கவில்லை, வண்டி எங்கும் திரும்பவில்லை, ஆனாலும் ஏறின இடத்துக்கே வந்துவிட்டார். இதைப் புதிராகப் போட்டால் மோல்மீன் பிள்ளைகள் முழிப்பார்கள், ரங்கூன் பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள். கீரை யாருடையது என்றுதான் அம்மா இன்றுவரை கேட்கிறார்.

பழனி பேத்தி:
பாட்டிகள் நிஜமாகவே இப்படித்தான். 1964ல் பர்மாவில் கடைகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு, மெட்ராஸ் கப்பலுக்குப் பேர் கொடுக்க எங்கள் பாட்டி பிள்ளைகளோடு வரிசையில் நின்றாராம். முறை வந்தபோது தாத்தாவைக் காணோம். எழுதுகிறவர் புருஷன் பேரைக் கேட்கிறார். பாட்டி மேலே கையைக் காட்டி, தனக்குத் தெரிந்த பர்மியத்தில், “மலைமேல கோவணத்தோட நிக்கிறவர்” என்றாராம். துறவியா என்று அவர் கேட்டிருக்கிறார். “ஐயையோ, மூணு பிள்ளை இருக்கே!” அப்போது ஏழு வயதான என் அப்பாதான் “பழனி, பழனி” என்று கத்திச் சொன்னார். தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது.

தாத்தா எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். போவதில்லை என்று முடிவு பண்ணிவிட்டு, அதை எப்படிப் பாட்டியிடம் சொல்வது என்று மூன்றாவது டீ குடித்துக்கொண்டிருந்தாராம்.