8 ரேக் சர்வர் அறை: சுவிட்ச் ஒவ்வொரு ரேக்கிலுமா, வரிசைக் கடைசியிலா?

இலந்தைக்குளத்தான்

எல்லோருக்கும் வணக்கம். மதுரை இலந்தைக்குளம் பக்கம் எங்கள் நிறுவனத்துக்கு ஒரு சர்வர் அறை அமைக்கிறோம். ஒரே வரிசையில் 8 ரேக் (சர்வர்களை அடுக்கும் சட்டம்), எல்லாம் 42யூ. யூ என்பது ரேக்கின் உயர அலகு, ஏறக்குறைய 4.4 செ.மீ. ரேக்குக்கு 2யூ உயரத்தில் 16 சர்வர், ஆக மொத்தம் 128. ஒவ்வொரு சர்வரிலும் இரண்டு 25ஜி (நொடிக்கு 25 கிகாபிட்) போர்ட், மேலாண்மைக்கு (தூரத்திலிருந்து சர்வரைக் கட்டுப்படுத்த) ஒரு 1ஜி போர்ட். தனி ஸ்டோரேஜ் பெட்டி கிடையாது. டிஸ்க் எல்லாம் சர்வர்களுக்குள்ளேயே இருக்கும். ஒவ்வொரு தரவும் மூன்று பிரதியாக வெவ்வேறு ரேக்கில் உட்காரும்.

நான் போட்ட வரைபடம் இதுதான்: ஒவ்வொரு ரேக்கின் உச்சியிலும் இரண்டு 48 போர்ட் லீஃப் சுவிட்ச் (சர்வர்கள் நேராகச் செருகும் சுவிட்ச்), அதற்கு மேல் அடுக்கில் எல்லா லீஃபையும் இணைக்கும் இரண்டு ஸ்பைன் சுவிட்ச். சர்வருக்கும் லீஃபுக்கும் நடுவே குட்டையான டாக் கேபிள் (இரண்டு முனையிலும் பிளக் பொருத்தியே வரும் காப்பர் கேபிள்). கேபிள் வேலை பார்ப்பவர் வேறு மாதிரி சொல்கிறார். வாங்குவதற்கு முன்னால் இங்கே கேட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

சிம்மக்கல் கேபிள்காரர்

தம்பி, 16 லீஃப் சுவிட்ச் எதற்கு? கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 சுவிட்ச், ஒவ்வொன்றிலும் 48 போர்ட், மொத்தம் 768. நீங்கள் செருகப் போவது 256. மூன்றில் இரண்டு பங்கு போர்ட் காலியாகக் கிடக்க, முழுக் காசும் கொடுக்கிறீர்கள். 16 பெட்டிக்கும் மின்சாரம், 16 பெட்டிக்கும் மென்பொருள் மேம்பாடு, 16 பெட்டிக்கும் உதிரி.

நான் சொல்வது பழைய முறை, ஆனால் உறுதியான முறை. வரிசைக் கடைசியில் இரண்டு பெரிய சேஸிஸ் சுவிட்ச் (கார்டு செருகிப் போர்ட்டைக் கூட்டும் பெரிய பெட்டி) வையுங்கள். ஒவ்வொரு ரேக்கிலும் பேட்ச் பேனல் (கேபிள்கள் வந்து முடியும் இணைப்புப் பலகை), அங்கிருந்து கேட் 6ஏ என்ற முறுக்குக் காப்பர் கேபிள், 10ஜி. 100 மீட்டர் வரைக்கும் போகும். பழுது பார்க்க எந்தக் கடையிலும் கிரிம்பரும் கனெக்டரும் கிடைக்கும். டாக் கேபிள் ஒன்று பழுதானால் ஊருக்குள் எங்கே போய் வாங்குவீர்கள்? சென்னையிலிருந்து இரவு பஸ்ஸில் பார்சல் வந்து சேரும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். 20 வருடமாக இந்த ஊரில் கேபிள் இழுக்கிறேன். ஒழுங்காக இழுத்த காப்பர் என்னைக் கைவிட்டதே இல்லை.

நாகமலை நெட்வொர்க்

கேபிள்காரர் அண்ணன் சொன்ன 768, 256 கணக்கு மிகச் சரி. அவர் சொன்ன தீர்வை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

மூன்று பிரதி என்றால் என்ன நடக்கும் என்று பாருங்கள். ஒரு சர்வரில் ஒரு கோப்பு எழுதப்பட்டால் அதே கோப்பு இன்னும் இரண்டு ரேக்குக்குப் போயாக வேண்டும். வெளியிலிருந்து வரும் போக்குவரத்தை விட ரேக்குக்கு ரேக் ஓடும் போக்குவரத்துதான் அதிகம். அதற்கு 10ஜி போதாது. முறுக்குக் காப்பரில் 25ஜி வேண்டுமென்றால் 2016இல் தரம் வந்தது உண்மைதான். ஆனால் அதற்குக் கேட் 8 கேபிள் வேண்டும், 30 மீட்டர்தான் போகும், அதற்கான கார்டு சந்தையில் கிடைப்பதே அரிது. சாதாரண 10ஜி காப்பர் போர்ட்கூட ஒவ்வொன்றும் சில வாட் இழுக்கும். டாக் கேபிளில் அது ஒரு வாட்டுக்கும் கீழே.

கேபிள் கட்டின் கனம் இன்னொரு விஷயம். கேட் 6ஏ கேபிள் 8 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்தால் 256 கேபிளின் குறுக்குப் பரப்பு கிட்டத்தட்ட 129 சதுர சென்டிமீட்டர். கேபிள் டிரேயை 40 சதவீதம் நிரப்பலாம் என்றால் 320 சதுர சென்டிமீட்டருக்கு மேல் டிரே வேண்டும். 300க்கு 100 மில்லிமீட்டர் டிரே போதாது. பொய்த்தரைக்கு (உயர்த்திப் போட்ட தரைக்கு) அடியில் விட்டால் குளிர்காற்று போகும் வழியை அந்தக் கட்டே அடைத்துவிடும். நம் ஊர் மே மாதத்தில் அதைச் செய்யவே கூடாது.

சேஸிஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரிய பெட்டி ஒன்று செய்யும் வேலையைச் சின்னப் பெட்டிகளை அடுக்குகளாகப் பின்னிச் செய்யலாம் என்று 1953லேயே பெல் ஆய்வகத்தின் சார்லஸ் குளோஸ் தொலைபேசி இணைப்பகங்களுக்காக எழுதிவிட்டார். லீஃப் ஸ்பைன் என்பது அதன் பேரப்பிள்ளைதான். சேஸிஸில் மென்பொருள் கோளாறு வந்தால் எட்டு ரேக்கும் ஒரே நேரத்தில் தன் பாதிப் பாதையை இழக்கும். லீஃப் போனால் அந்த லீஃபுக்கு வந்த சர்வர்களோடு போச்சு.

சிம்மக்கல் கேபிள்காரர்

டிரே கணக்கை ஒத்துக்கொள்கிறேன் மேடம், அதை நான் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் லீஃபுக்கு மேலே ஸ்பைன் எதற்கு? இரண்டு கோர் சுவிட்ச், கீழே மற்றவை, ஸ்பேனிங் ட்ரீ. இத்தனை அலுவலகங்களில் ஓடுகிறதே.

நாகமலை நெட்வொர்க்

அலுவலகத்தில் ஓடும் அண்ணே, ஏனென்றால் அங்கே எல்லாப் போக்குவரத்தும் வெளியே போகிறது. 1985இல் ராடியா பெர்ல்மன் ஸ்பேனிங் ட்ரீயைக் கொண்டுவந்தது சுழல் பாதை வராமல் தடுக்க. இரண்டு பாதை இருந்தால் ஒன்றை அது மூடி வைக்கும். நீங்கள் காசு கொடுத்து இழுத்த கேபிளில் பாதி சும்மா கிடக்கும்.

தேனியிலிருந்து திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போகிறவரை நினைத்துப் பாருங்கள். மதுரையில் ஆரப்பாளையம் நிலையத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, ஊரைக் குறுக்கே கடந்து மாட்டுத்தாவணி போக வேண்டும். இரண்டு நிலையத்துக்கும் நடுவே அந்த நெரிசலான சாலைகள்தான் வழி. ரேக்குக்கு ரேக் பிரதி எடுக்கும் இடத்தில் அப்படி ஒரே வழியை வைக்கக் கூடாது. லீஃப் ஸ்பைனில் ஒவ்வொரு லீஃபும் எல்லா ஸ்பைனோடும் நேராக இணையும், எல்லாப் பாதையும் ஒரே நேரத்தில் ஓடும். லீஃபுக்கும் ஸ்பைனுக்கும் நடுவே பிஜிபி (பாதைகளைப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறை), அதன் மேல் விஎக்ஸ்லேன் (அந்தப் பாதைகள் மேல் ஓடும் மெய்நிகர் நெட்வொர்க்). அமைப்பைப் பற்றி இங்கே நீட்டவில்லை, கேட்டால் தனியாக எழுதுகிறேன்.

இலந்தைக்குளத்தாருக்கு என் பரிந்துரை: ஒரு ஜோடி லீஃபை இரண்டு ரேக்குக்குப் பொதுவாக வையுங்கள். சுவிட்சுக்கு 32 சர்வர், 48 போர்ட்டில் 16 மிச்சம். 16 பெட்டிக்குப் பதில் 8 பெட்டி. கீழே சர்வர் பக்கம் 800ஜி, மேலே ஸ்பைன் பக்கம் நாலு 100ஜி இணைப்பு, விகிதம் 2க்கு 1. ஒரு ஸ்பைன் போனால் 4க்கு 1 ஆகும், அதைத் தாங்கலாம்.

இலந்தைக்குளத்தான்

அக்கா, டாக் கேபிள் பக்கத்து ரேக்குக்கு எட்டுமா? 25ஜிக்கு 3 மீட்டருக்கு மேல் போக எனக்குத் தயக்கம். 5 மீட்டரும் இருக்கிறது, ஆனால் பிழைதிருத்தத்தைச் சுமையான முறையில் வைக்க வேண்டும்.

நாகமலை நெட்வொர்க்

சுவிட்சை உச்சியில் வைத்தால் எட்டாது. அடி சர்வரிலிருந்து உச்சிக்கே 1.9 மீட்டர் ஏற வேண்டும், பக்கவாட்டில் இன்னும் 1.2 வரை, அப்புறம் கொஞ்சம் தளர்வு. அதனால் ரேக்கின் நடுவில், 20ஆம் யூ பக்கம் வையுங்கள். அடியிலிருந்து 0.9 மீட்டர்தான். 0.9, 1.2, தளர்வுக்கு அரை மீட்டர்: 2.6. 3 மீட்டர் கேபிள் போதும். ரேக்குகளை ஒட்டி நிறுத்தி, நடுவிலுள்ள பக்கப் பலகையைக் கழற்றிவிட வேண்டும்.

பழங்காநத்தம் பவர்

மின்சாரம் பற்றி யாருமே பேசவில்லை, அதனால் உள்ளே வருகிறேன். சர்வர் ஒன்றுக்கு எத்தனை வாட்?

இலந்தைக்குளத்தான்

முழுச் சுமையில் 350 சார். ரேக்குக்கு ஏ, பி என்று இரண்டு 32 ஆம்பியர் ஒற்றை ஃபேஸ் இணைப்பு.

பழங்காநத்தம் பவர்

16 சர்வர் என்றால் 5.6 கிலோவாட். 230 வோல்ட், 32 ஆம்பியர் என்றால் 7.36. தொடர்ந்து ஓடும் சுமைக்கு 80 சதவீதம்தான் கணக்கு, அதாவது 5.9. இரண்டு பக்கமும் இருக்கும்போது ஆளுக்கு 12 ஆம்பியர் காட்டும், எல்லாம் நன்றாக இருப்பதாகத் தெரியும். ஏ பக்கம் போனால் மொத்தமும் பி மேல் விழும், அப்போது 24 ஆம்பியர். இந்த நிலையில் ஒரே ரேக்கில் இரண்டு லீஃபும் வைத்து, ஒன்றுக்கு 250 வாட் என்று கூட்டினால் 6.1. எல்லை தாண்டிவிட்டது. ஒரு பக்கம் போன அன்று மறுபக்க பிரேக்கரும் விழலாம். அப்படிப் பார்த்தவன் சொல்கிறேன்.

லீஃபைப் பிரித்து வையுங்கள், இடது ரேக்கில் ஒன்று, வலது ரேக்கில் ஒன்று. ஒரு ரேக்கே இருட்டானாலும் பக்கத்து ரேக்கின் சர்வர்களுக்கு ஒரு பாதை இருக்கும். சர்வரையும் 15 ஆக்குங்கள். 5.25, லீஃப் சேர்த்து 5.5. கொஞ்சம் மூச்சுவிடலாம்.

குளிரூட்டல்: 8 ரேக் 5.5 என்றால் 44 கிலோவாட், 12.5 டன். ஒரு ஏசி நின்றாலும் மிச்சம் அந்த 12.5ஐத் தர வேண்டும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் சில நொடியில் வந்துவிடும், சர்வரை யு.பி.எஸ். தாங்கிவிடும். ஏசி கம்ப்ரசர் மறுபடி ஓட சில நிமிடம் ஆகும். கத்திரி வெயிலில் அந்தச் சில நிமிடத்தில் அறை கொதித்துவிடும். காற்றை ஊதும் விசிறிகளையாவது யு.பி.எஸ்ஸில் போடுங்கள்.

நாகமலை நெட்வொர்க்

பிரித்து வைப்பது என் யோசனையை விட நல்லது. சர்வருக்கு ஒரு கேபிள் சொந்த ரேக்குக்கு, ஒன்று பக்கத்து ரேக்குக்கு. நான் போட்ட 2.6 மீட்டருக்குள்தான் வருகிறது.

ஆர்டர் போடும் முன் ஒன்று. சர்வரின் நெட்வொர்க் போர்ட் பின்பக்கம், சூடான காற்று வெளியேறும் வெப்பப் பாதைப் பக்கம். அதனால் சுவிட்சின் போர்ட்டும் பின்பக்கம் பார்க்கும். அப்போது சுவிட்ச் பவர் சப்ளை பக்கம் காற்றை இழுத்து போர்ட் பக்கம் வெளியே விடும் வகையாக இருக்க வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் எதிர்வகை வந்துவிட்டது. பொருத்தும்போது யாரும் கவனிக்கவில்லை. குளிர்காலம் முழுக்க ஓடியது. மே மாதம் முதல் வாரத்தில் வெப்ப எச்சரிக்கை வரிசையாக வர ஆரம்பித்தது, சர்வர்கள் ஊதிய சூடான காற்றையே சுவிட்ச் குடித்துக்கொண்டிருந்தது. விசிறியையும் பவர் சப்ளையையும் ஒரே திசை வகைக்கு மாற்றினோம், அது வந்து சேரப் பல நாள் ஆனது. அந்த நாட்களில் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. ஆர்டரில் திசையைத் தனி வரியாக எழுதுங்கள். காலி யூ எல்லாவற்றையும் மூடும் பலகையால் மூடுங்கள்.

சிம்மக்கல் கேபிள்காரர்

25ஜிக்கு டாக் கேபிள் என்பதை விட்டுக்கொடுக்கிறேன். பத்து கேபிள் அதிகமாக வாங்கி அலமாரியில் வையுங்கள், பார்சலுக்குக் காத்திருக்க வேண்டாம். மேலாண்மை நெட்வொர்க்கில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அது 1ஜிதான், காப்பர்தான். ரேக்குக்கு ஒரு 24 போர்ட் பேட்ச் பேனல்: 15 சர்வர், 2 பி.டி.யு. (ரேக்குக்குள் மின்சாரம் பகிரும் பட்டை), 1 லீஃப், 6 மிச்சம். 8 பேனல், 192 கேபிள், வரிசைக் கடைசியில் சரியாக நாலு 48 போர்ட் சுவிட்ச். கேட் 6 மெல்லியது, உங்கள் 300க்கு 100 டிரேயிலேயே தாராளமாகப் போகும். பெரிய நெட்வொர்க் மொத்தமும் விழுந்த இரவில் உள்ளே போக அந்த வழிதான் இருக்கும், அதை லீஃபோடு கலக்காதீர்கள்.

நாகமலை நெட்வொர்க்

முழுச் சம்மதம் அண்ணே.

இலந்தைக்குளத்தான்

இன்று வரைபடத்தை மாற்றிவிட்டேன். ரேக்குக்கு 15 சர்வர், ஆக 120. பழைய 8 சர்வரை இப்போதைக்குக் கொண்டுவரவில்லை. நாலு ஜோடி ரேக், 8 லீஃப், ரேக்குக்கு ஒன்று, 20ஆம் யூவில். வரிசையின் இரண்டு முனையிலும் ஒரு சின்ன நெட்வொர்க் ரேக், ஆளுக்கு ஒரு ஸ்பைன். லீஃபிலிருந்து ஸ்பைனுக்கு ஓஎம்4 வகை ஃபைபர் (ஒளியிழை). மேலாண்மைக்குக் கேபிள்காரர் அண்ணன் சொன்னபடியே காப்பர். விசிறித் திசையைக் கொள்முதல் படிவத்தின் முதல் வரியில் எழுதியிருக்கிறேன்.

அண்ணே, டிரே அளவெடுக்க ஆள் அனுப்புவீர்களா?

சிம்மக்கல் கேபிள்காரர்

ஆள் வேண்டாம் தம்பி, சனிக்கிழமை காலையில் நானே வருகிறேன். ரேக் வருவதற்கு முன்னால் டிரே ஏறிவிட வேண்டும். ஏ பக்கக் கேபிளுக்கு நீலம், பி பக்கத்துக்குச் சிவப்பு, இரண்டு முனையிலும் லேபிள். லேபிள் பட்டியலை வெள்ளிக்கிழமைக்குள் தயார் செய்து வையுங்கள்.